ஆய்வேட்டை அடித்துக் கட்டித் தரும் ஊட்டிக் கடை

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் படிக்க நேரமில்லாதவர்கள் அத்துடன் போய்விடலாம். கறுப்பு வெள்ளைப் பக்கம் 2 ரூபாய். வண்ணப் பக்கம் 12 ரூபாய். ரெக்ஸின் அட்டையும் தங்க எழுத்துமாகக் கெட்டி பைண்டிங் போட, பிரதிக்கு 450 ரூபாய். ஓரம், தலைப்பு எண், பொருளடக்கம், அட்டவணைப் பட்டியல், பக்க எண் எல்லாவற்றையும் பல்கலைக்கழக விதிப்படி ஒழுங்குபடுத்திக் கொடுக்கப் பக்கத்துக்கு 15 ரூபாய். மேற்கோள் சரிபார்ப்பதற்குத் தனிக் கூலி. கோயம்புத்தூரில் இதைவிட மலிவாகவே முடியும், அதுவும் காலையில் கொடுத்தால் மாலையில் வாங்கிக்கொள்ளலாம். எப்படியும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மேட்டுப்பாளையம் வழியாகக் கீழே இறங்கத்தானே வேண்டும், வேலையையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாமே என்று என் கணவர் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனாலும் நான் கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறி ஊட்டிக்குத்தான் போனேன். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கடையின் பெயரைப் போடவில்லை. விளம்பரம் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். சேரிங் கிராஸிலிருந்து கமர்ஷியல் சாலை வழியாக மார்க்கெட்டை நோக்கி நடந்தால், இடப்புறம் படிக்கட்டாக இறங்கும் சந்து ஒன்றில், தையல்காரர் ஒருவரின் கடைக்கு அடுத்த கதவு. ஆராய்ச்சி செய்பவர்கள் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். இந்தச் சிறிய ஊரில் அப்படி எத்தனை பேர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். ஊட்டியில் அரசு கலைக் கல்லூரி 1955 முதல் இருக்கிறது. மருந்தியல் கல்லூரி இருக்கிறது. கேத்தியில் பொறியியல் கல்லூரி, முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இலிருந்து இருக்கிறது. இவை போக, மலையை ஆராய வந்து இங்கேயே வாடகைக்கு அறை எடுத்துத் தங்கிவிடுகிறவர்கள். அவர்கள் எழுதுவதெல்லாம் என்றாவது ஒரு நாள் தாளாகி, அட்டைக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

கடையை நடத்துவது ஒரு தம்பதி. கணினிக்கு முன்னால் அக்கா, பைண்டிங் மேசையில் அண்ணன். அக்கா தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு உயர்நிலை தேறியவர். கல்லூரிப் பக்கம் போனதில்லை. இதை அவரே சொல்வார், சிறிது பெருமையாகவே. அவர் கையால் ஒழுங்காகி வெளியே போன ஆய்வேடுகளுக்குக் கணக்கு வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். 'டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் கணக்கு வைத்துக்கொள்ளட்டும் டீச்சர், எனக்கு மின்கட்டணக் கணக்கே போதும்' என்றார்.

சுவரில் இரண்டு காகிதங்கள் ஒட்டியிருக்கின்றன. ஒன்றில், 'இங்கே ஆய்வேடு எழுதித் தரப்படாது. சதவீதம் குறைத்துத் தரப்படாது.' மற்றொன்று, பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டு விதிகளின் சுருக்கம், அக்கா கையாலேயே தட்டச்சு செய்தது. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இரண்டு காகிதங்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டியிருப்பது காரணத்தோடுதான். உள்ளே வரும் பாதிப் பேரின் முதல் கேள்வியே 'சதவீதம் குறைப்பீர்களா' என்பதுதானாம்.

நான் காத்திருந்த ஒரு நாள் அப்படி ஒருவர் வந்தார். ஒப்புமை 38 காட்டுகிறது, வெளியூரில் ஒருவர் எண்ணாயிரம் கேட்கிறார், நீங்கள் எவ்வளவுக்குச் செய்வீர்கள் என்றார். அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அந்த வெளியூர்க்காரர் என்ன செய்வார் என்பதை வரிசையாகச் சொன்னார். ஆங்கில எழுத்துகளுக்குப் பதில் பார்வைக்கு அதே போலிருக்கும் ரஷ்ய எழுத்துகளை நடுநடுவே செருகுவார். பத்தியைப் படமாக மாற்றி ஒட்டுவார். கண்ணுக்குத் தெரியாமல் வெள்ளை நிறத்தில் மேற்கோள் குறிகளைத் தூவி வைப்பார். சோதனை மென்பொருள்கள் இவற்றையெல்லாம் இப்போது கண்டுபிடிக்கின்றன, எண்ணாயிரம் கொடுத்து மாட்டிக்கொள்வதைவிட அந்த அத்தியாயத்தை உட்கார்ந்து மறுபடி எழுதிவிடுங்கள் சார், உங்களுக்குத் தெரிந்த விஷயம்தானே என்றார். அவர் முகம் சுளித்துக்கொண்டு படியேறினார். கடைக்கு அன்று ஒரு வாடிக்கையாளர் குறைந்தார்.

இதே விஷயத்தில் அக்கா எனக்குச் சொன்ன இன்னொன்றை எல்லா ஆய்வு மாணவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஒப்புமை பார்த்துத் தருகிறோம் என்னும் இடங்களில் கோப்பைக் கொடுத்தால், சில மென்பொருள்கள் அதன் பிரதியைத் தம் சேமிப்பில் வைத்துக்கொள்ளும். பிறகு பல்கலைக்கழகம் முறைப்படி சோதிக்கும்போது உங்கள் ஆய்வேடு உங்கள் ஆய்வேட்டோடேயே நூற்றுக்கு நூறு ஒத்துப்போகும். நம் எழுத்தை நாமே திருடியதாக விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டு அலைய வேண்டியதுதான். 2019 முதல் சோத்சுத்தி என்ற திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு இந்த மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நூலகரிடம் கேட்டால் பார்த்துத் தருவார். இது தெரியாமல் எத்தனை பேர் காசைக் கொட்டுகிறார்கள்!

இனி வேலைத் தரத்துக்கு வருகிறேன்.

பக்க அமைப்பு என்றால் ஏதோ ஓரம் விடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முன்பக்கங்களுக்குச் சிறிய ரோமன் எண், முதல் அத்தியாயத்திலிருந்து வழக்கமான எண். அட்டவணைக்குத் தலைப்பு மேலே, படத்துக்குக் கீழே. இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும், தைக்கும்போது அரை அங்குலத்தைத் தையல் விழுங்கிவிடும். இதெல்லாம் கற்றுக்கொண்டால் யாரும் செய்வார்கள். அக்காவிடம் நான் கண்ட திறமை வேறு. பொறியியல், மருத்துவம், சமூக அறிவியல் என்ற மூன்று துறைக்காரர்களும் எங்கெங்கே வழக்கமாகச் சறுக்குவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. பாடம் தெரியாது. சறுக்கும் இடம் தெரியும்.

மேற்கோளையே எடுத்துக்கொள்வோம். பொறியியலில் சதுர அடைப்புக்குள் எண் போட்டு, வரும் வரிசையில் அடுக்கிக்கொண்டே போவார்கள். மருத்துவத்தில் வான்கூவர் முறை, அதுவும் எண்தான், ஆனால் பெயரும் முதலெழுத்தும் எழுதும் விதம் வேறு. எங்கள் சமூக அறிவியலில் ஆசிரியர் பெயரும் ஆண்டும், கடைசியில் அகர வரிசைப் பட்டியலும். எண் முறைக்காரர்களுக்கு நடுவில் ஒரு நூலைச் சேர்த்தால் பின்னால் உள்ள எண்களெல்லாம் நகர்ந்துவிடும். எங்களுக்கு வரும் தலைவலி வேறு மாதிரி. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்து என்பது அப்பா பெயர். அந்த முறையோ குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கிறது. விளைவு, ஒரே பேராசிரியர் ஒரு கட்டுரையில் தம் பெயரிலும், வெளிநாட்டு இதழில் வந்த இன்னொரு கட்டுரையில் அவருடைய அப்பா பெயரிலும் பட்டியலின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்திருப்பார். அக்காவிடம் இதற்கென்றே நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. யாரை எந்த எழுத்தின் கீழ் வைப்பது என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். முந்தைய ஆய்வேடுகளிலிருந்து சேர்த்துக்கொண்டே வந்தாராம். என் பட்டியலில் ஒரே ஆள் இருவராகப் பிரிந்திருந்த இடங்களை அந்த நோட்டை வைத்துத்தான் பிடித்தார்.

சரிபார்க்கும் முறை பழைய பாணி. பட்டியலை அச்சடித்து மடியில் வைத்துக்கொள்வார். ஆய்வேட்டின் உள்ளே ஒவ்வொரு மேற்கோள் வரும்போதும் பட்டியலில் பென்சிலால் ஒரு சிறு கோடு. முடிவில் கோடு விழாதவை பட்டியலில் வீணாக உட்கார்ந்திருப்பவை. உள்ளே இருந்து பட்டியலில் இல்லாதவை தனித் தாளில். அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோயைப் பற்றி எழுதியிருந்த ஒரு பெண்ணின் வேலையை எனக்கு முன்னால் முடித்துக்கொண்டிருந்தார். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அந்தத் தன்மை இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் எழுதிய ஆண்டு பட்டியலில் 1952 என்றும், உள்ளே இரண்டு இடங்களில் 1953 என்றும் இருந்தது. அக்கா இரண்டையும் வட்டமிட்டார். திருத்தவில்லை. '1952தான் சரி' என்று அந்தப் பெண் சொன்ன பிறகே விசைப்பலகையில் கை வைத்தார். அந்தத் துறையில் யார் வந்தாலும் இந்தக் கட்டுரை வந்தே தீரும் என்பதால் ஆண்டு அவருக்கும் தெரியும் என்று பிறகு என்னிடம் சொன்னார். தெரிந்தும் ஏன் திருத்தவில்லை? 'அது அவருடைய ஆய்வேடு' என்றார்.

இந்த ஒரு குணத்துக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன். எழுத்தைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் சரிசெய்வார், எழுத்தின் மேல் கை வைக்க மாட்டார். அதே அரிவாள் செல் ஆய்வேட்டில் புள்ளியியல் அட்டவணை ஒன்றில் பி மதிப்பு என்ற நிகழ்தகவு எண் 0.000 என்று இருந்தது. மென்பொருள் அப்படித்தான் காட்டும். ஆனால் நிகழ்தகவு முழுச் சுழியாக இருக்க முடியாது என்பதால் 0.001க்கும் குறைவு என்று எழுதுவதுதான் மரபு. அக்காவுக்குப் புள்ளியியல் தெரியாது. ஆனால் தேர்வாளர்கள் இந்த இடத்தில்தான் சிவப்பு மை போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது தெரியும். எனவே பென்சிலில் ஒரு வட்டம், பக்கத்தில் 'வழிகாட்டியிடம் கேட்கவும்'. அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர்தான் பிடித்தார். பின்னிணைப்பில் மருத்துவமனைப் பதிவேட்டுப் பக்கம் ஒன்றை மாதிரிக்காகப் படமெடுத்து வைத்திருந்தார்கள். அதில் நோயாளிகளின் பெயரும் ஊரும் அப்படியே வாசிக்கும்படி இருந்தன. ஆய்வேடு கடைசியில் இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏறும், உலகத்தில் யாரும் திறந்து பார்க்கலாம். சிறிய ஊர்களில் பெயரும் ஊரும் தெரிந்தால் போதும், வீட்டையே காட்டிவிடுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் நோயாளியின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கின்றன. நெறிமுறைக் குழுவின் சான்றிதழை முதல் பின்னிணைப்பாக வைத்துவிட்டு, இரண்டாம் பின்னிணைப்பில் பெயர்களை வெளியிட்டால் எப்படி? அக்கா அந்தப் பக்கத்தை அச்சடிக்காமல் நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். அந்தப் பெண் ஓடி வந்தார்.

பொறியியல்காரர்களுக்கு வேறு ஆபத்து, வண்ணப் படம். மலைச்சாலைச் சரிவு நிற்குமா சரியுமா என்று கணினியில் கணக்கிட்ட ஒருவருடைய ஆய்வேடு மேசையில் கிடந்தது. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்த மாவட்டம் இது. அந்த ஆராய்ச்சியின் அருமை எங்களுக்குத் தெரியும். படத்தில் ஆபத்தில்லாத இடம் ஆழ்ந்த நீலம், ஆபத்தான இடம் அடர்ந்த சிவப்பு, இடையில் பச்சையும் மஞ்சளும். செலவைக் குறைக்கக் கறுப்பு வெள்ளையில் போடச் சொல்லியிருந்தார். அக்கா ஒரே ஒரு பக்கத்தை அப்படி அச்சடித்து அவர் முன் நீட்டினார். ஆழ்நீலமும் அடர்சிவப்பும் ஒரே சாம்பல் கறுப்பாகிவிட்டிருந்தன. பச்சையும் மஞ்சளும் இருந்த நடுப்பகுதி மட்டும் வெளுத்துத் தெரிந்தது. எது நிற்கும் எது சரியும் என்று அதைப் பார்த்து அவராலேயே சொல்ல முடியவில்லை. அந்தப் படங்களை மட்டும் வண்ணத்தில் போடுங்கள், அல்லது கறுப்பு வெள்ளையிலும் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஒரே சீராகப் போகும் வண்ண வரிசைக்கு மாற்றிக் கொண்டுவாருங்கள் என்றார். பின்னதற்குப் பணம் கிடையாது என்பதையும் சேர்த்தே சொன்னார். பக்கத்துக்கு 12 ரூபாய் வாங்கும் கடை இந்த யோசனையைச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள்.

என் கதை எழுத்துருக் கதை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் தேயிலை பறிக்கக் குடியேறிய குடும்பங்களைப் பற்றியது என் ஆய்வு. தமிழில் எடுத்த நேர்காணல்களின் எழுத்து வடிவம் பின்னிணைப்பாகச் சேர வேண்டும். அவற்றில் பழையவை பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பாட்டிகள் பேசியதெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கொட்டும். 2010லேயே தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் கணினித் தமிழுக்கான குறியீட்டுத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய கோப்புகள் நம்மை விடுவதில்லை. இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளில் போட்டால் பெரும்பாலும் சரியாக வரும், கொம்பும் காலும் மட்டும் அங்கங்கே இடம் மாறும். 'கொ'வின் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அக்கா இயந்திரத்தில் மாற்றிய பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டுப் படித்துத் திருத்தினார். பண்டாரவளையும் பதுளையும் அவர் வாயில் தடுமாறின. ஒரு பாட்டி மண்டபம் முகாமில் காத்திருந்ததைச் சொல்லும் இடத்தில் நிறுத்தி, 'இந்த அம்மா இன்னும் இருக்கிறாரா?' என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். மேலே படித்தார். அந்த அம்மாவின் பேச்சு வழக்கைத் திருத்தி எழுத்துத் தமிழாக்கிவிடலாமே என்று அவர் யோசனை சொல்வாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

குறைகளும் உண்டு. மென்மையாகச் சொல்லப் போவதில்லை.

பெரிய குறை, மேற்கோள் மென்பொருள். சோடெரோவிலோ மெண்டலேயிலோ கட்டிய மேற்கோள்களோடு கோப்பைக் கொடுத்தால், அக்கா முதல் வேலையாக எல்லாவற்றையும் சாதாரண எழுத்தாக மாற்றிவிடுகிறார். இணைப்பு அறுந்துவிடும். பிறகு தேர்வாளர் ஒரு நூலைச் சேர்க்கச் சொன்னால் கையால்தான் சேர்க்க வேண்டும். பொறியியல்காரர்களுக்கு எண்கள் எல்லாமே நகரும். மூலக் கோப்பின் பிரதியை அப்படியே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். லேடெக் என்ற பக்க அமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இங்கே அச்சும் அட்டையும் மட்டும்தான். பக்க அமைப்பை முடித்து பிடிஎப் ஆக்கிக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது நேரம். கடைக்குத் தொலைபேசி செய்தால் பாதி நேரம் எடுக்க மாட்டார்கள். ஒன்றரைக்குச் சாப்பிடக் கதவைச் சாத்தினால் மூன்றுக்குத்தான் திறப்பார்கள், வெளியே யார் நனைந்துகொண்டு நின்றாலும். அவசரம் என்ற சொல் அங்கே செல்லாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி பதிவுக் காலம் அதிகபட்சம் ஆறு ஆண்டுகள், மறுபதிவில் இன்னும் இரண்டு, பெண்களுக்கு அதற்கும் மேல் இரண்டு. நான் அந்தச் சலுகையின் வாலைப் பிடித்துக்கொண்டு கரையேறியவள். கடைசித் தேதி நெருங்குகிறது என்று அக்காவிடம் கெஞ்சினேன். 'ஆறு ஆண்டு உங்களுக்குக் கொடுத்தார்கள், எனக்கு ஆறு நாள் கொடுங்கள்' என்றார். பதில் சொல்லத் தோன்றவில்லை.

திட்டவும் செய்வார். நன்றியுரையில் கணவருக்கு இரண்டு பத்தியும் பேட்டி கொடுத்தவர்களுக்கு ஒரு வரியும் எழுதியிருந்த ஒருவரிடம் நேருக்கு நேராகவே கேட்டுவிட்டார். எழுத்தில் கை வைக்க மாட்டார் என்றேன், வாய் வைக்க மாட்டார் என்று சொல்லவில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஊட்டி ஈரத்தில் தாள் முதலில் செய்வது வளைவது, அடுத்து இயந்திரத்துக்குள் சிக்குவது. அதனால் பிரித்த தாள் கட்டுகளை நேராக இயந்திரத்தில் வைக்காமல், உள்ளே ஒரு குண்டு பல்பு எரியும் மரப்பெட்டியில் இரவு முழுக்க வைத்திருக்கிறார். காலையில் எடுத்து விசிறிவிட்டுப் போட்டால் ஒரு பக்கம்கூடச் சிக்குவதில்லை. அட்டைக்குப் பசை அவரே காய்ச்சுகிறார். மைதாவும், பூச்சியும் பூஞ்சையும் அண்டாமலிருக்கத் துளி மயில்துத்தமும். நீலம் பாரித்த அந்தக் கஞ்சியை அட்டையில் தடவி, ரெக்ஸினை இழுத்து மடித்து, மூலைகளை எலும்புக் கத்தியால் தேய்த்து, கைச்சக்கரம் வைத்த இரும்பு அழுத்தியில் இறுக்கி வைப்பார். கீழே வெயிலில் ஒரு நாளில் காய்வது இங்கே ஆடி மாதத்தில் நான்கு நாள் பிடிக்கும். அதற்குள் கேட்டால் கொடுக்க மாட்டார். அவசரப்பட்டு எடுத்துப்போன அட்டை கடலை வறுக்கும் சட்டிபோல் குழிந்துவிடும், பிறகு நிமிராது.

தங்க எழுத்தை இன்னும் பித்தளை அச்செழுத்துகளைக் கோத்துச் சூடாக்கித்தான் பதிக்கிறார். எழுத்துகளைப் பிடியில் வரிசையாக இறுக்கி, அடுப்பில் காட்டி, ஈரத்துணியில் ஒரு தொடு. 'சுர்' என்று ஒலித்தால் சூடு அதிகம். ஒலி அடங்கும்வரை பொறுத்து, முதலில் கழிவு ரெக்ஸினில் ஒரு முறை பதித்துப் பார்ப்பார். சரியென்றால்தான் தங்கத்தாளை அட்டையின் மேல் வைத்து அழுத்துவது. குளிரில் பித்தளை சீக்கிரம் ஆறிவிடுவதால் ஒவ்வொரு வரிக்கும் மறுபடி சூடாக்குகிறார். என் தலைப்பு நான்கு வரி. 'அடுத்த ஆராய்ச்சிக்குச் சின்னத் தலைப்பாக வையுங்கள் டீச்சர்' என்றார். முதுகில் பதிந்த என் பெயர் கொஞ்சம் வலப்புறம் சாய்ந்திருக்கிறது. கணினியில் வெட்டும் கடைகளில் இந்தச் சாய்வு வராது. எனக்கு அது உறுத்தவில்லை, உறுத்துகிறவர்கள் கோயம்புத்தூர் போகலாம்.

வண்ண அச்சுதான் சுமார். நீளமான நீலப் பரப்புகளில் கோடு கோடாக விழுகிறது. நிலப்பட ஆய்வுகள், திசுப் படங்கள் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கங்களை வேறு இடத்தில் அடித்துக் கொண்டுவந்து இங்கே சேர்த்துக் கட்டச் சொல்லலாம். அண்ணன் மறுப்பதில்லை. தாள் மட்டும் அதே அளவும் அதே கனமுமாக இருக்க வேண்டும், 80 ஜிஎஸ்எம்.

சோத்கங்காவுக்கான கோப்புகளையும் பிரித்துக் கொடுக்கிறார்கள். முழு ஆய்வேட்டை ஒரே கோப்பாக அனுப்பக் கூடாது. தலைப்புப் பக்கம் 01, அடுத்து முன்பக்கங்கள், பொருளடக்கம், பிறகு அத்தியாயம் அத்தியாயமாக, கடைசியில் தலைப்பையும் முடிவுரையையும் சேர்த்து 80 என்று எண்ணிட்ட கோப்பு. தமிழ்ப் பகுதிகளில் எழுத்துருவை உள்ளேயே பொதித்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். எனக்குக் கேட்காமலேயே செய்து, வேறொரு கணினியில் திறந்தும் காட்டினார். இதற்குத் தனியாக 300 ரூபாய்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். ஏப்ரல், மே மாதங்களில் சொந்தக் காரில் போகாதீர்கள், சுற்றுலாக் கூட்டத்தில் சேரிங் கிராஸைக் கடப்பதற்குள் கடை சாத்திவிடுவார்கள். வெளி மாவட்டத்திலிருந்து சொந்த வண்டியில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க மறந்துவிட வேண்டாம். ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், கைப்பேசியில் பணம் அனுப்பலாம் என்றாலும் சந்துக்குள் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் கட்டிய பிரதிகளைப் பழுப்புத் தாளில் சுற்றித்தான் கொடுப்பார்கள். மழைக்காலமானால் நல்ல தடித்த துணிப்பையும் குடையும் உங்கள் பொறுப்பு. பிரதிகளை எண்ணும்போது பல்கலைக்கழகத்துக்கு, வழிகாட்டிக்கு, துறைக்கு, நூலகத்துக்கு என்று கணக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஒன்றை விட்டுவிடுவார்கள். அதையும் முதலிலேயே சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பின்னால் ஒரே ஒரு பிரதி வேண்டும் என்று போய் நின்றால், அண்ணன் பித்தளை எழுத்துகளைப் புதிதாகக் கோத்து நான்கு வரியையும் பதிக்க வேண்டும். அதற்கு 450க்கு மேல் 200 கேட்கிறார்.